எழுநூறு பட்டறைகள், ஒரு நதி: திருப்பூர் சாயக்கழிவும் தொழில் அறம் பற்றிய கோட்பாடுகளும்

1. கேள்வி

2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் ஒட்டுமொத்தமாக மூடச் சொன்னது. கழிவைச் சுத்திகரிப்பதற்கென்றே கட்டப்பட்ட பொது சுத்திகரிப்பு நிலையங்களும் அந்த ஆணைக்குத் தப்பவில்லை. மின் இணைப்பைத் துண்டிக்கவும் உத்தரவு. கழிவை ஒழுங்காகச் சுத்திகரித்தவர் யார், இரவோடு இரவாக ஓடையில் திறந்துவிட்டவர் யார் என்று பிரித்துப் பார்க்கும் கட்டத்தை வழக்கு அதற்குள் தாண்டிவிட்டிருந்தது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் அன்றைக்கு ஒரே பிரதிவாதியாக நின்றன.

இந்தக் காட்சி தொழில் அறம் பற்றி நாம் வழக்கமாகப் பேசும் முறைக்குச் சங்கடமானது. அந்தப் பேச்சில் போபால் வரும், கொடைக்கானல் பாதரசம் வரும். பெயர் சொல்லிச் சுட்டக்கூடிய ஒரு பெரிய நிறுவனம் இருக்கும். அதற்கு ஒரு தலைவர் இருப்பார். அவர் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் எடைபோடுவோம். திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றைக் கெடுத்தது அப்படிப்பட்ட ஒரு நிறுவனமன்று. எந்தத் தனிப் பட்டறையும் தன் கழிவால் மட்டும் அந்த நதியைக் கொன்றிருக்க முடியாது. எந்தத் தனிப் பட்டறையும் தான் ஒருவன் திருந்தியதால் அதைக் காப்பாற்றியிருக்கவும் முடியாது. இத்தகைய இடத்தில் ஒரு தொழில்முனைவோரின் அறப்பொறுப்பு எது, அது யார் மேல் எவ்வளவு கனத்தில் விழுகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

2. கையில் இருக்கும் விளக்கங்கள்

தொழிலதிபரின் சமூகப் பொறுப்பு பற்றிய நவீன விவாதத்தை ஹோவர்ட் போவன் 1953இல் வெளியிட்ட நூலிலிருந்து தொடங்குவது வழக்கம். அதற்கு மிகக் கூர்மையான மறுப்பு 1970 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் வார இதழில் வந்த மில்டன் ஃப்ரீட்மனின் கட்டுரை. நிர்வாகி என்பவர் பங்குதாரர்களின் ஊழியர். சட்டத்துக்கும் வழக்கிலுள்ள நெறிகளுக்கும் உட்பட்டு அவர்களுக்கு லாபம் ஈட்டுவதே அவருடைய கடமை. அதற்கு மேல் ஊர்நலம் பார்ப்பது அடுத்தவர் பணத்தில் செய்யும் தர்மம் என்பது அவர் வாதத்தின் சாரம். ஃப்ரீட்மனை முழுமூச்சாக எதிர்ப்பவர்களும் ஆதரிப்பவர்களும் ஒன்றைக் கவனிப்பதில்லை: சட்டத்துக்கு உட்பட்டு என்ற நிபந்தனையை அவர் தளர்த்தவே இல்லை. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இல் வந்துவிட்டது. எனவே ஃப்ரீட்மனின் குறைந்தபட்சக் கோட்டின்படி பார்த்தாலும் திருப்பூரின் 1980களும் 1990களும் தேறாது.

எட்வர்ட் ஃப்ரீமன் 1984இல் வட்டத்தைப் பெரிதாக்கினார். பங்குதாரர் மட்டுமின்றி, நிறுவனத்தின் செயலால் பாதிக்கப்படும் தொழிலாளர், வாடிக்கையாளர், சரக்கு தருபவர், ஊர்மக்கள் அனைவரும் அதன் கணக்கில் வர வேண்டும் என்றார். காந்தியின் தர்மகர்த்தா கொள்கை இதற்கு வெகுமுன்பே, உடைமை என்பது ஊருக்காகப் பொறுப்பேற்று நடத்தப்படுவது என்று சொல்லியிருந்தது.

இவை ஒன்றோடொன்று மோதினாலும் ஒரு முன்அனுமானத்தில் கைகோத்துக்கொள்கின்றன. முடிவெடுக்க ஒரு மனம், அதை நிறைவேற்ற ஒரு கை, அதன் விளைவு போய்ச் சேரும் அடையாளம் காணத்தக்க மனிதர்கள் என்பதே அந்த அனுமானம். நொய்யலின் கீழ்ப்பகுதியில், கரூர்ப் பக்கம் தன் கிணற்றில் சாயக்கழிவின் உப்பைக் கண்ட விவசாயிக்கு அது எந்தப் பட்டறையின் உப்பு என்று தெரிய வழியில்லை. பட்டறைக்காரருக்கும் தன் உப்பு எந்தக் கிணற்றில் இறங்கியது என்று தெரியாது. ஃப்ரீமன் சொல்லும் உறவு இங்கே இரு முனைகளிலும் முகமில்லாமல் நிற்கிறது.

இந்தியச் சட்டமும் அதே அனுமானத்தில் எழுந்ததுதான். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, நிகர மதிப்பு 500 கோடி ரூபாய் அல்லது விற்றுமுதல் 1,000 கோடி அல்லது நிகர லாபம் 5 கோடி என்ற அளவைத் தொட்ட கம்பெனிகள் தம் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. சாயப்பட்டறைகளில் பெரும்பாலானவை தனியுடைமையாகவோ கூட்டு வணிகமாகவோ நடப்பவை. கம்பெனி என்ற சட்ட உருவமே அவற்றுக்குக் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், பட்டறைக்காரர்கள் பங்கு போட்டு முறையாகக் கம்பெனியாகப் பதிவு செய்துகொண்டது பொது சுத்திகரிப்பு நிலையங்களைத்தான். லாபத்தைத் தனித்தனியே வைத்துக்கொண்டு கழிவுக்கு மட்டும் கம்பெனி ஆரம்பித்தார்கள்.

திருப்பூருக்குப் பொருந்தும் கருவி வேறொரு பக்கத்திலிருந்து கிடைக்கிறது. அரசு நிர்வாகத்தில் தவறு நேரும்போது எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் செய்திருப்பதால் எவரும் பொறுப்பாளி ஆகாமல் போவதை டென்னிஸ் தாம்ப்சன் 1980இல் பல கைகளின் சிக்கல் என்று அடையாளப்படுத்தினார். உலகெங்கும் பரவிக் கிடக்கும் ஆடைத் தொழிற்சாலைகளை முன்வைத்தே ஐரிஸ் மரியன் யங் இதற்கு ஒரு விடை தேடினார். கட்டமைப்பு விளைவிக்கும் அநீதியில் குற்றவாளியைத் தேடிப் பிடிப்பது போதாது. அதில் பங்குகொள்ளும் ஒவ்வொருவரும் அதை மாற்றும் கடமையைச் சுமக்கிறார். அந்தக் கடமையின் கனம் அவரவரின் அதிகாரம், அனுபவிக்கும் சலுகை, மாற்றத்தில் உள்ள நலன், கூட்டாகச் செயல்படும் திறன் ஆகியவற்றைப் பொறுத்தது என்பது அவர் நிலைப்பாடு. இந்த நான்காவது அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பூருக்குள் போகலாம்.

3. உப்பின் கணக்கு

நடந்தது என்ன என்பதைப் புரிந்துகொள்ளச் சாயத் தொட்டிக்குள் கொஞ்சம் எட்டிப்பார்க்க வேண்டியிருக்கிறது. பருத்திப் பின்னல் துணிக்கு இன்று பெரிதும் பயன்படுவது ரியாக்டிவ் வகைச் சாயம். நீரில் கரைந்து கிடக்கும் சாயத்தைப் பருத்தி இழையை நோக்கித் தள்ள உப்பு வேண்டும். சாதாரண உப்போ சோடியம் சல்ஃபேட்டோ. அடர்ந்த நிறமென்றால் ஒரு லிட்டருக்கு 80 கிராம், சில வேளை அதற்கு மேலும் போடுவார்கள். பிறகு சோடா சேர்த்ததும் சாயம் இழையில் பிடித்துக்கொள்ளும். உப்பு எதிலும் பிடித்துக்கொள்ளாது. போட்டது போட்டபடி, அலசிய தண்ணீரோடு வெளியே போய்விடும்.

1990களில் கட்டப்பட்ட சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பையும் பெரஸ் சல்ஃபேட்டையும் கலந்து கழிவைத் தெளிய வைத்தன. நிறம் அடியில் வண்டலாகப் படிந்தது. மேலே நின்ற தெளிந்த நீரில் உப்பு அப்படியே இருந்தது. கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த வரம்பு. சாயக்கழிவில் அது பல மடங்கு. சிவப்பும் நீலமுமாக ஓடிய ஆற்றைப் படம் பிடித்துப் போட்ட பத்திரிகைகள் நிறத்தைக் குற்றமாகக் காட்டின. மண்ணையும் கிணற்றையும் மலடாக்கியதோ கண்ணுக்குத் தெரியாத உப்பு. கண்ணில் படுவதை நீக்கிவிட்டுக் கடமை முடிந்தது என்று காட்டும் வழக்கம் பெரிய நிறுவனங்களின் அறிக்கைகளுக்கு மட்டும் உரியதல்ல என்பதற்கு இந்தத் தெளிந்த நீரே சாட்சி.

ஈரோடு, கரூர் மாவட்டப் பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் கட்டப்பட்ட அணை 1992இல் முடிந்தது. வெகு சீக்கிரத்திலேயே அது பாசன அணை என்ற நிலையிலிருந்து நழுவித் திருப்பூரின் கழிவு தங்கும் குட்டையாயிற்று. அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று அதன் ஆயக்கட்டு விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. தண்ணீருக்காக வழக்குப் போடும் தமிழக விவசாயிகளின் வரலாற்றில் இது ஒரு விபரீதமான பக்கம்.

1996 ஆகஸ்டில் வேலூர்த் தோல் தொழிற்சாலைகள் குறித்த தீர்ப்பில் உச்சநீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை நாட்டின் சட்டத்தில் அடங்கியதே என்றது. இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைக்கவும் அந்தத் தீர்ப்பு வழிசெய்தது. அவ்வாணையமே நொய்யல் விவசாயிகளின் இழப்பையும் மதிப்பிட்டது. 2004இல் அது நிர்ணயித்த தொகை ஏறத்தாழ 28,600 விவசாயிகளுக்குச் சுமார் 24.8 கோடி ரூபாய். சராசரி எடுத்தால் ஆளுக்கு ஒன்பதாயிரத்துக்கும் குறைவு.

4. பட்டறைக்காரர் தரப்பு

சாயப்பட்டறை உரிமையாளர்களின் வாதத்தைக் கேலியாகக் கடந்துபோவது எளிது; அதைச் செய்யக் கூடாது. திருப்பூரில் ஒரு பனியன் பல கை மாறி உருவாகிறது. ஏற்றுமதியாளர் நூல் வாங்குவார். அது நிட்டிங் போகும், சாயத்துக்குப் போகும், காம்பாக்டிங் போகும், பிறகு கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். இதில் சாயப்பட்டறை செய்வது பெரும்பாலும் ஜாப் ஒர்க். துணி அவருடையது இல்லை. நிறத்தைத் தீர்மானிப்பவரும் அவர் இல்லை. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறார். அந்தக் கூலியைச் சிறிது ஏற்றினாலும் துணி அடுத்த வீதியிலுள்ள பட்டறைக்குப் போய்விடும். நியாயமாக நடக்க நினைத்த ஒருவர் தன் செலவில் உப்பைப் பிரித்தெடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் தொழிலை இழப்பார். நதிக்கு ஒரு சொட்டும் லாபமில்லை. ஒருவருடைய நல்லெண்ணம் இங்கே வீணாகப் போகும் என்ற அவர்கள் கூற்றில் உண்மை இருக்கிறது.

உப்பைப் பிரிக்கும் தொழில்நுட்பம் கட்டுப்படியாகாது என்பது அடுத்த வாதம். இதை எண்ணால் சோதிக்கலாம். 2006 டிசம்பரில் உயர்நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, கழிவு வெளியேற்றத்துக்கு லிட்டருக்கு அபராதம் விதித்தது: 2007 ஜனவரி முதல் மார்ச் வரை 6 காசு, அடுத்த இரு மாதம் 8 காசு, அதற்கடுத்த இரு மாதம் 10 காசு. 2007 ஜூலைக்குப் பிறகு ஒரு துளியும் வெளியே விடக் கூடாது. ஒரு கிலோ துணிக்கு 100 லிட்டர் தண்ணீர் என்று தாராளமாக வைத்தால், 6 காசு வீதம் கிலோவுக்கு 6 ரூபாய். 10 காசு வீதம் 10 ரூபாய். ஒரு கிலோவில் ஐந்து டி-சர்ட் தேறும். ஆக, சட்டை ஒன்றுக்கு ஒரு ரூபாய் இருபது காசிலிருந்து இரண்டு ரூபாய் வரை. முழுமையான சுத்திகரிப்புக்கு முதலீடும் எரிபொருளும் சேர்ந்து இதைவிடக் கூடுதலாகும் என்பது உண்மை. அப்படியே மும்மடங்கு ஆகட்டும், ஐரோப்பியக் கடையில் அந்தச் சட்டை விற்கும் விலைக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. செலவைத் தாங்க முடியாதவர் சங்கிலியின் நடுவில் இருந்தார். தாங்கக்கூடியவர் அதன் மறுமுனையில் இருந்தார்.

இன்னொரு எண்ணும் உண்டு. நிலத்தடி நீர் உப்பாகிப்போன பிறகு பட்டறைகள் சுற்றுவட்டக் கிணறுகளிலிருந்து லாரித் தண்ணீர் வாங்கின. 2000களின் நடுப்பகுதியில் தனியார் முதலீட்டோடு பவானி ஆற்றிலிருந்து குழாயில் நீர் வந்தது. தொழிலுக்கான விலை ஆயிரம் லிட்டருக்கு 45 ரூபாய், அதாவது லிட்டருக்கு நாலரைக் காசு. உள்ளே வரும் நல்ல தண்ணீருக்கு நாலரைக் காசு கட்டுப்படியானது. வெளியே போகும் கெட்ட தண்ணீருக்கு ஆறு காசு என்றபோதுதான் தொழிலே அழிந்துவிடும் என்ற குரல் எழுந்தது. உச்சநீதிமன்றம் வரை போனார்கள். 2009 அக்டோபர் 6 அன்று அங்கும் உரிமையாளர் சங்கத்தின் மேல்முறையீடு எடுபடவில்லை. மூன்று மாத அவகாசம்தான் கிடைத்தது.

5. சங்கத்தால் முடிந்தவை

பலர் சேர்ந்த இடத்தில் பொதுநலனுக்கான முயற்சியை எல்லோரும் அடுத்தவர் தலையில் தள்ளிவிடுவார்கள் என்பது மான்சர் ஓல்சன் 1965இல் முன்வைத்த தர்க்கம். மேய்ச்சல் நிலம் பொதுவாக இருந்தால் அழிந்தே தீரும் என்று காரெட் ஹார்டின் 1968இல் எழுதினார். எலினார் ஆஸ்ட்ரம் 1990இல் இதற்கு எதிர்ச்சான்றுகளை அடுக்கினார்: உலகின் பல இடங்களில் பாசன நீரையும் மீன்பிடி நீரையும் பயன்படுத்துவோரே விதி வகுத்து, தங்களுக்குள் கண்காணித்து, மீறியவரைத் தண்டித்துக் காத்திருக்கிறார்கள். பொதுச் சொத்து அழிவதும் பிழைப்பதும் விதியமைப்பைப் பொறுத்தது.

திருப்பூர் எந்தப் பக்கம்? கூட்டாகச் செயல்படும் திறன் இல்லாத ஊர் என்று அதை எவரும் சொல்ல முடியாது. உள்நாட்டுப் பனியன் உற்பத்தியாளர்களின் சங்கம் 1956இலேயே எழுந்தது. திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் 1990இல் ஏ. சக்திவேல் தலைமையில் தொடங்கியது. சரக்குப் பெட்டக முனையம், நேதாஜி ஆடைப் பூங்கா, கண்காட்சி வளாகம் என்று தொழிலுக்குத் தேவையானதைக் கூடி நின்று கொண்டுவந்த ஊர் அது. பவானித் தண்ணீர்த் திட்டத்தை முன்னெடுத்தவர்களிலும் ஏற்றுமதியாளர் சங்கம் இருந்தது. ஆயிரக்கணக்கான முதலாளிகள், அரசு, வங்கிகள், தனியார் முதலீடு எல்லாவற்றையும் ஒரே மேசைக்கு இழுத்து வந்து, மைல் கணக்கில் குழாய் பதிக்கும் வல்லமை அவர்களுக்கு இருந்திருக்கிறது.

என் வாதம் இந்த இடத்தில்தான் நிற்கிறது. நாங்கள் பலர், ஒருவர் நினைத்து ஒன்றும் ஆகாது என்ற சமாதானம் தனிப் பட்டறைக்காரர் வாயிலிருந்து வரும்போது பாதி நியாயம். தொழில் சங்கங்களின் தலைமையிலிருந்து வரும்போது அது நியாயமில்லை. யங் சொன்ன நான்காவது அளவுகோலின்படி, கூடிச் செயல்படும் திறனை ஏற்கனவே நிரூபித்தவர்களின் மேல்தான் கனம் அதிகம். அந்தத் திறன் நல்ல தண்ணீரைக் கொண்டுவரப் பயன்பட்டது. கெட்ட தண்ணீர் விஷயத்தில் அவகாசம் கேட்கவும், மேல்முறையீட்டுக்கும், கழிவைக் குழாய் வழியே கடலுக்குக் கொண்டுபோகும் திட்டத்தை வலியுறுத்தவும் பயன்பட்டது. கடல் குழாய் யோசனையைத் தனியே ஆராயலாம். இங்கே அதன் அறம் தெளிவு: கரூர் விவசாயியை விட்டு மீனவரின் தலையில் இறக்குவது.

ஆக, சிதறிய தொழிலில் ஒரு தொழில் தலைவரின் கடமை தன் பட்டறையைச் சுத்தமாக வைத்திருப்பதோடு நிற்காது. போட்டியாளரையும் தன்னையும் சேர்த்துக் கட்டும் விதி வேண்டும் என்று கேட்பதும், அதைக் காலத்தோடு கேட்பதும், அதன் கண்காணிப்புக்குத் தானே முதலில் உட்படுவதும் அதில் அடங்கும். கண்டிப்பான விதிதான் நல்ல பட்டறைக்காரரைச் சந்தை தண்டிக்காமல் காக்கிறது. ஃப்ரீட்மன் விதிக்கு உட்பட்ட ஆட்டத்தைப் பற்றிப் பேசினார். விதியை யார் எழுதுகிறார்கள், அதைத் தள்ளிப்போட யார் வக்கீல் வைக்கிறார்கள் என்பதைப் பற்றி அவருடைய கட்டுரை அதிகம் கவலைப்படவில்லை. திருப்பூரில் அறத்தின் சோதனை நடந்தது அந்த இடத்தில்.

6. உள்ளூர்க்காரர் என்ற நம்பிக்கை

வெளியூர்க் கம்பெனி ஊரைச் சுரண்டும், மண்ணின் மைந்தர் நடத்தும் தொழில் ஊரைக் காக்கும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக இருக்கிறது. திருப்பூர் அதைக் கலைக்கிறது. 2004இல் வெளிவந்த ஷரத் சாரியின் ஆய்வு நூல், கொங்குப் பகுதியின் விவசாயப் பின்னணியிலிருந்து வந்தவர்கள் தொழிலாளியாகத் தொடங்கி, பாடுபட்டு உழைத்த உழைப்பையே மூலதனமாகக் காட்டி முதலாளிகளாக எழுந்த கதையை விரிவாகச் சொல்கிறது. வயலில் கற்ற உழைப்பு, மச்சான், பங்காளி என்று நீளும் உறவுவலை, கைமாற்றுக் கடன் ஆகியவற்றின் மேல் எழுந்தது திருப்பூரின் தொழில். நொய்யலின் கீழ்ப்பகுதியில் கிணறு இழந்தவர்களில் பெரும்பாலோரும் அதே வட்டாரத்தின் அதே வேளாண் சமூகங்களைச் சேர்ந்தவர்கள்தாம். கெடுத்தவரும் கெட்டவரும் ஒரே கோயிலுக்குப் பொங்கல் வைக்கக்கூடிய தூரத்தில் இருந்தார்கள்.

உறவு நதியைக் காக்கவில்லை. உறவுக்குள் கேள்வி கேட்பது சிரமம் என்பதால் அது சில ஆண்டுகள் தாமதத்தைக்கூட உண்டாக்கியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இறுதியில் நியாயம் தேடி ஆயக்கட்டுதாரர்கள் போனது பஞ்சாயத்துக்கல்ல, சென்னை உயர்நீதிமன்றத்துக்கு. தமிழில் இந்தக் கேட்டை முன்கூட்டியே பதிவு செய்ததில் சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ நாவலுக்கு முக்கிய இடமுண்டு. நம் நிர்வாகவியல் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் அதை வைத்தால் இறக்குமதியான பல உதாரணங்களைவிடப் பயன்படும்.

7. விலை சொல்பவர்

நிறத்தைத் தீர்மானிப்பவர் சாயப்பட்டறைக்காரர் இல்லை என்றோம். அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கும் கொள்முதல் நிறுவனம். அதுவே விலையையும் சொல்கிறது. 1990களின் இறுதியிலிருந்து இந்த நிறுவனங்கள் நடத்தை நெறிகளோடு வந்தன. குழந்தைத் தொழிலாளர் கூடாது, தீயணைப்புக் கருவி வேண்டும், வெளியேறும் வழியில் அட்டைப்பெட்டி அடுக்கக் கூடாது என்று தையல் கூடத்தை ஆடிட் செய்தார்கள். அதில் பயன் இல்லாமலில்லை. ஆனால் ஆடிட்டரின் பார்வை தைக்கும் கூரையோடு முடிந்தது. துணி சாயத்துக்குப் போய்வந்த ஜாப் ஒர்க் பட்டறை பட்டியலிலேயே இருக்காது. திருப்பூரில் இந்த நெறிகள் செயல்பட்ட விதத்தை ஆராய்ந்த கீர்ட் டி நீவ், அவற்றை அதிகார உறவின் அரசியலாகப் படித்தார்: நெறியை விதிப்பவர் மேற்கில் இருக்கிறார், அதற்கான செலவும் சுமையும் உள்ளூர் உற்பத்தியாளர் மேல் இறங்குகின்றன.

நிறுவனங்களும் மனித உரிமையும் குறித்து ஜான் ரக்கி வகுத்த வழிகாட்டு நெறிகளை ஐ.நா. மனித உரிமைப் பேரவை 2011 ஜூனில் ஏற்றது. தன் வணிக உறவுகளின் வழியே நேரும் தீங்குக்கும் நிறுவனம் பதில் சொல்ல வேண்டும் என்பது அதன் மையக் கருத்து. திருப்பூர் மூடிக் கிடந்து அப்போது ஐந்தாவது மாதம். மூடியதால் வந்த நஷ்டத்தையோ சுத்திகரிப்பின் செலவையோ கொள்முதல் விலையில் சேர்த்துக்கொள்ளும் கட்டாயம் எந்த வாங்குநருக்கும் எழவில்லை. ஆர்டரை வங்கதேசத்துக்கு மாற்றிக்கொள்ளும் வழி திறந்தே இருந்தது.

இதை 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ராணா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு நடந்ததோடு ஒப்பிட வேண்டும். சில வாரங்களில் ஐரோப்பிய நிறுவனங்கள் சட்டப்படி தம்மைக் கட்டுப்படுத்தும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. கட்டடங்களைச் சீரமைக்கும் செலவுக்கு ஏற்றபடி வணிக நிபந்தனைகள் அமைய வேண்டும் என்ற பொறுப்பும் அதில் இருந்தது. விலையையும் அறத்தையும் ஒரே தாளில் எழுத முடியும் என்பதற்கு அது சான்று. கட்டடம் ஒரே காலையில் விழுந்தது; உலகத் தொலைக்காட்சிகள் பார்த்தன. நொய்யலுக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. ஆண்டுக்கணக்கில் மெல்ல நிகழும் தீங்கை இந்த நெறிகள் எதுவும் நன்றாகப் பிடிப்பதில்லை. 2011இல் தொடங்கிய, நச்சு வேதிப்பொருள்களை ஆடைத்தொழிலிலிருந்து நீக்கும் உலகளாவிய முயற்சியின் குறியும் நஞ்சின் மேல்தான். சமையலறையில் இருக்கும் உப்பு அந்த அச்சத்தை எழுப்பாது.

8. மூடிய பிறகு

2011க்குப் பிறகு நடந்தது, அதற்கு முன் சொல்லப்பட்டவற்றுக்கு ஓர் எதிர்ச்சான்று. ஜீரோ டிஸ்சார்ஜ் என்று திருப்பூர் சொல்லும் முறை, முடியாது என்று பத்தாண்டு வாதிடப்பட்ட அதே முறை, படிப்படியாக ஓடத் தொடங்கியது. சவ்வூடு பரவலில் பெரும்பகுதி நீரைப் பிரித்தெடுத்து மீண்டும் சாயத்துக்கே அனுப்புவது, எஞ்சிய அடர்கரைசலைக் காய்ச்சி உப்பெடுப்பது என்று முறை போகிறது. அருள்புரம் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் உப்புக் கரைசலையே மறுபடி சாயத்தொட்டிக்குப் பயன்படுத்திக் காட்டியது ஒரு திருப்பம். உப்பை முழுதாகக் காய்ச்சி எடுக்கும் செலவை அது குறைத்தது. இன்று அதே தொழில் தலைவர்கள் இதை நிலைத்த வளர்ச்சியின் முன்மாதிரி என்று உலகச் சந்தையில் எடுத்துச் சொல்கிறார்கள். சொல்லட்டும், செய்திருப்பது உண்மையான சாதனை. அது நீதிமன்றம் கழுத்தைப் பிடித்த பிறகு வந்தது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் வரலாறு.

செலவை யார் ஏற்றார்கள் என்ற கேள்வி அதோடு தீரவில்லை. 2010-11 மத்திய நிதிநிலை அறிக்கையில் திருப்பூரின் ஜீரோ டிஸ்சார்ஜ் அமைப்புக்கென 200 கோடி ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. மூடலுக்குப் பிறகு மாநில அரசு வட்டியில்லாக் கடன் தந்தது. மாசுபடுத்தியவர் ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை நடைமுறையில் வரிகட்டுபவரும் கை கொடுத்த ஏற்பாடாக மாறியது. முதலீடு செய்ய முடிந்தவர்கள் நிலைத்தார்கள். சிறு பட்டறைகள் பல திரும்பவே இல்லை. சாய வேலை வேறு ஊர்களுக்கு நகர்ந்ததும் நடந்தது. பள்ளிப்பாளையம், குமாரபாளையம் பக்கம் அனுமதியில்லாச் சாயப்பட்டறைகளை இடித்தார்கள் என்ற செய்தி இன்றும் அவ்வப்போது வருகிறது. அங்கே ஓடுவது காவிரி. திருப்பூரிலேயே ஆவியாக்கிகளுக்கான நீராவிக்கு பாய்லரில் எரிபொருள் எரிந்துகொண்டிருக்கிறது. எடுத்த கலப்பு உப்பையும் வண்டலையும் எங்கே கொட்டுவது என்பதும் முடியாத பிரச்சினை.

பின்னோக்கிய பொறுப்பு இன்னும் சிக்கலானது. 2006 தீர்ப்பின் காசுக் கணக்கு 2007இல் வெளியேறிய லிட்டர்களுக்கானது. ஆணையம் கணக்கிட்ட இழப்பீடு 2002 ஆகஸ்ட் முதல் 2004 டிசம்பர் வரையிலான காலத்துக்கானது. ஒரத்துப்பாளையம் அணையைச் சுத்தம் செய்யும் செலவைப் பட்டறைகள் ஏற்க வேண்டும் என்ற உத்தரவு அணையின் வண்டலைத்தான் கருதியது. கரையோரக் கிணறுகளின் அடியில் 1980களிலிருந்து இறங்கிய உப்பு அதில் சேராது. அந்த உப்பை விட்ட பட்டறைகளில் பல கைமாறிவிட்டன, பல இல்லை. அன்று அந்தத் துணியை வாங்கி விற்ற வெளிநாட்டு நிறுவனங்களில் பல இன்றும் நடக்கின்றன. அவற்றின் பெயர் இந்த வழக்குகளின் பிரதிவாதிப் பட்டியலில் இல்லை.